சபையா, ரசிகர் மன்றமா?

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குத் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு நகரத்துச் சபைக்குள் போய் நின்று பாருங்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், கத்தோலிக்கம், பெந்தெகொஸ்தே, எதுவாக இருந்தாலும் சரி. முன்னால் டிரம்ஸ். அதைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு. இரண்டு கீபோர்டு, ஒரு பேஸ் கிட்டார், நாலைந்து மைக். பின்சுவரில் எல்.இ.டி. திரை. மேடையில் பத்துப் பேர் வேர்த்து விறுவிறுக்க வேலை செய்கிறார்கள். கீழே முன்னூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். திரையில் வரி வந்தால் உதடு அசைகிறது. கையை உயர்த்தச் சொன்னால் கை மேலே போகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் அதையும் சொல்லிவிட்டு மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள். இதற்குச் சபையார் பங்கேற்பு என்று பெயர்!

அந்தப் பக்கத்தில் இருப்பவரின் பெயர் என்னவென்று கேளுங்கள். பல பேருக்குத் தெரியாது.

"சபையாருக்கு ஈடுபாடு குறைஞ்சிட்டே வருது" என்ற புலம்பல் எந்தக் கமிட்டிக் கூட்டத்திலும் கேட்கும். புலம்பல் முடிவதற்குள் தீர்வும் வந்துவிடும். புது ஸ்பீக்கர் வாங்கலாம். நல்ல கீபோர்டு பிளேயரைச் சம்பளத்துக்குப் போடலாம். இளைஞர்களுக்கு வேகமான பாட்டு நாலு சேர்க்கலாம். ஈடுபாடு என்றால் இசை, இசை என்றால் சத்தம், சத்தம் என்றால் வாட்ஸ் கணக்கு என்று யார் எப்போது முடிவு செய்தார்கள் என்பதுதான் புரியவில்லை.

இந்த ஏற்பாட்டின் உண்மையான முகம் 2020இல் தெரிந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, ஆலயங்கள் பூட்டப்பட்டன, அந்த வருடம் பெரிய வெள்ளியும் ஈஸ்டரும் பலருக்கு யூடியூபில்தான். காலியான ஆலயத்தில் போதகர் ஒருவர், பாடகர் நாலு பேர், கேமராவுக்கு ஒருவர். ஆராதனை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை முழுதாக நடந்து முடிந்தது. யோசித்துப் பாருங்கள். சபை வரவில்லை, ஆராதனையில் ஒரு வரிகூடக் குறையவில்லை! நோய்க்காலத்தில் வேறு வழி இல்லை, அதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சபையே இல்லாமல் ஆராதனை இவ்வளவு சுலபமாக நடக்க முடிந்தது என்றால், அதற்கு முன்னால் ஒவ்வொரு ஞாயிறும் வந்து உட்கார்ந்த முன்னூறு பேருக்கு அங்கே என்ன வேலை இருந்தது? இந்தக் கேள்வியை ஊரடங்கு முடிந்ததும் எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். கேமரா மட்டும் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

இது இசைக்கு எதிரான கட்டுரை என்று யாரும் கோபப்பட வேண்டாம். பாட்டு வேண்டும். பாட்டு ஒன்றே போதும் என்ற சோம்பேறித்தனம்தான் வேண்டாம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதை அறுபது வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் தேதி வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை ஏட்டில், மக்கள் முழுமையாக, உணர்ந்து, செயலோடு பங்குபெற வேண்டும் என்று வருகிறது. எப்படி என்பதற்கு 30ஆம் எண்ணில் ஒரு பட்டியலும் இருக்கிறது. பதிலுரைகள், பாடல்கள் இருக்கின்றன. கூடவே செயல்கள், சைகைகள், உடல் நிலைகள், உரிய நேரத்தில் மௌனம். இத்தனை இருக்க, தமிழ்நாட்டுப் பங்குகள் எதைப் பிடித்துக்கொண்டன தெரியுமா? பாடலை! அதையும் பாடகர் குழுவிடம் கொடுத்துவிட்டன. மிச்சம் ஏட்டிலேயே தூங்குகிறது.

சரி, பாட்டுதான் பங்கேற்பு என்றே வைத்துக்கொள்வோம். பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காது கேளாதோருக்குத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதே ஊரில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி நடத்தினார். காது கேளாத பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பள்ளி கட்டிய திருச்சபை, நூறு வருடம் கழித்து, காது கேட்டால் மட்டுமே கலந்துகொள்ளக்கூடிய ஆராதனையைச் செய்து வைத்திருக்கிறது. காது கேளாத ஒருவர் இந்த டிரம்ஸ் சபையில் என்ன செய்வார்? அதிர்வை நெஞ்சில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் மட்டுமா? காது மந்தமான தாத்தா, ஹியரிங் எய்டில் ஸ்பீக்கர் சத்தம் பட்டு முகம் சுளிக்கும் பாட்டி, பெருஞ்சத்தம் தாங்காத ஆட்டிசம் பிள்ளை, அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் படிக்கட்டிலேயே ஆராதனையை முடித்துக்கொள்ளும் அம்மா... பட்டியல் நீளும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சைகை மொழியில் சபை முழுவதும் கற்றுக்கொள்ள எத்தனை ஞாயிறு ஆகும்? நாலு வாரம் தினம் ஐந்து நிமிடம் போதும். முன்னூறு ஜோடிக் கைகள் சத்தமே இல்லாமல் ஒரே ஜெபத்தைச் சொல்லும்போது, அங்கே காது கேளாதவர்தான் எல்லோரையும்விட நன்றாக ஜெபிக்கத் தெரிந்தவராக இருப்பார். சபையில் அவரைப் பார்த்துப் படிக்க வேண்டிய நிலை மற்றவர்களுக்கு வரும். ஒரு முறை வந்து பார்க்கட்டுமே.

இதைவிடக் கசப்பான ஒரு விஷயம் இருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவத்துக்குப் பாட்டில் பஞ்சம் எப்போதும் இருந்ததில்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அதே சாஸ்திரியார், மிஷனரிகள் சபைக்குள் ஜாதி வித்தியாசத்தை எடுக்க முனைந்தபோது அதை எதிர்த்து எழுதியவர். தென் தமிழ்நாட்டில் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் இரண்டு ஜாதியாரைப் பிரிக்க நடுவே சுவரே இருந்தது. 1910இல்தான் இடித்தார்கள். இடித்ததற்காக வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சுவருக்கு இந்தப் பக்கமும் பாட்டு, அந்தப் பக்கமும் பாட்டு. ஒரே பாட்டு, ஒரே தாளம்! பாட்டு சுவரைத் தாண்டிப் போய்விடும், ஆகவே சுவருக்குப் பாட்டினால் ஒரு கஷ்டமும் இல்லை. ஒருவர் கையை இன்னொருவர் பிடிப்பதும், ஒரு பானைச் சோற்றை எல்லோரும் தின்பதும் அப்படியல்ல. சுவர் இருந்தால் அவை நடக்காது. இசையை மட்டும் பங்கேற்பாக வைத்துக்கொள்வதில் சிலருக்கு இருக்கும் பெரிய சௌகரியம் இதுதான். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை.

தொடுதலைப் பற்றிப் பேச்சு வந்ததால் சி.எஸ்.ஐ. சபைக்கு அதன் சொந்தப் பொருளையே நினைவூட்ட வேண்டும். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் வந்த அதன் திருவிருந்து ஒழுங்கில், கேரளத்துச் சிரியன் மரபிலிருந்து ஒரு அருமையான வழக்கத்தை எடுத்துச் சேர்த்தார்கள். சமாதானம் கொடுத்தல். குருவானவரிடமிருந்து ஒருவர் கைகளில் வாங்கி, அடுத்தவர் கைகளில் கொடுக்க, அது வரிசை வரிசையாக ஆலயம் முழுவதும் கைமாறிப் போகும். மேற்கத்திய சபைகள் எல்லாம் பிற்பாடு ஆச்சரியத்தோடு பார்த்த விஷயம் அது. இன்று என்ன நடக்கிறது? நின்ற இடத்தில் நின்று நாலு பக்கமும் ஒரு அவசரக் கும்பிடு, பின்னணியில் கீபோர்டு. முடிந்தது. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு குடும்பங்கள் பல வருடமாக ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, ஞாயிறுதோறும் காற்றைக் கும்பிட்டுவிட்டுப் போவதற்கு இந்த ஏற்பாடு ரொம்ப வசதி. அந்தப் பழைய வழக்கத்தை அப்படியே, மெதுவாக, கீபோர்டை நிறுத்திவிட்டுச் செய்து பாருங்கள். பத்து நிமிடம் ஆகும். ஆகட்டும்!

அடுத்தது சோறு. சபையை ஈடுபடுத்தப் புதுமையான வழி வேண்டுமென்று வெளிநாட்டுப் புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் சொந்தச் சமையலறையைப் பார்ப்பதில்லை. கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சேர்ந்தது ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும். கையில் காசே புழங்காத பெண் தன் கையால் கொடுத்த காணிக்கை அது. வாரத்தின் ஏழு நாளும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, அடுப்படியில் நடந்த ஆராதனை. இதைவிடப் 'படைப்பாற்றல் மிக்க பங்கேற்பு' எந்தக் கருத்தரங்கில் கிடைக்கும்? இப்போது அதன் இடத்தில் கவர் வந்துவிட்டது, கவருக்குப் பின் க்யூ.ஆர். கோடு வந்துவிட்டது.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் நடக்கும். ஊரே கூடிக் காய் நறுக்கி, பெரிய அண்டாக்களில் பொங்கி, ஜாதி மதம் பார்க்காமல் யார் வந்தாலும் போடுவார்கள். அசனம் நடக்கும் நாளில் அங்கே போனவர்களுக்குத் தெரியும், அன்று ஆலயத்தில் சும்மா நிற்கிற ஆளே இருக்க மாட்டார். மதுரை இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு இதைத்தான் இறையியலாகவே வளர்த்தார். 2005இல் காலமான அவரை எல்லோரும் நாட்டுப்புறப் பாட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள், 'பரட்டை' என்றால் இன்றும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டுக்காரரின் சிந்தனைக்கு நடுவில் இருந்தது ஒரு உலை. எல்லோரும் கொண்டுவந்ததை ஒரே உலையில் போட்டுப் பொங்கி, ஒன்றாக உட்கார்ந்து தின்பது. அவருடைய பாட்டுகளை எடுத்துக்கொண்ட சபைகள் உலையை எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் சொல்லவும் வேண்டுமா? யார் வீட்டு அரிசி, யார் சமைத்தது என்ற கேள்விகள் அதில் வந்துவிடும்.

அறுப்பின் பண்டிகையையும் விட்டுவைக்கக் கூடாது. விளைந்ததைக் கொண்டுவந்து படைத்து, ஏலம் விட்டு, வந்த பணத்தைச் சபைக்குச் சேர்ப்பது நல்ல வழக்கம்தான். ஆனால் ஏழைக் கிழவி கொண்டுவந்த பூசணிக்காயைவிட அதைப் பெருந்தொகைக்கு எடுக்கும் பணக்காரரின் பெயரே மைக்கில் நாலு தரம் ஒலிக்கிறது. பங்கேற்பு எப்படிக் காட்சியாக மாறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. இன்னொன்று, பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு. பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டு வெள்ளைத் துண்டு, முன்கூட்டியே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர். அவர்கள் வீட்டிலேயே காலை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருவார்கள் :-) பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் 2016 ஜனவரியில் விதியையே மாற்றினார். அவர் அதற்கு முன்பே, 2013இல், ரோமில் இளம் கைதிகளின் சிறைக்குப் போய்ப் பெண்கள் உட்படப் பலரின் பாதங்களைக் கழுவியவர். பன்னிரண்டு என்ற எண்ணிக்கையை மறந்துவிட்டு, ஒருவர் காலை ஒருவர் கழுவட்டும் என்று சபையிடமே விட்டால் என்ன? முதலாளி காலை வேலைக்காரர் கழுவினால் அதில் அதிசயம் இல்லை. மாற்றிச் செய்யச் சொல்லுங்கள், அப்போது தெரியும்.

வேத வாசிப்புக்கு வருவோம். இன்று வாசிப்பு என்பது பெரும்பாலும் கடைசி நிமிடத்தில் கூப்பிடப்பட்ட ஒருவர் மூச்சு விடாமல் ஒப்பிப்பது. கத்தோலிக்க ஆலயங்களில் குருத்து ஞாயிறன்றும் பெரிய வெள்ளியன்றும் பாடுகளின் வரலாற்றைப் பிரித்து வாசிக்கும் வழக்கம் உண்டு. ஒருவர் கதை சொல்பவர், ஒருவர் இயேசு, மற்றவர்கள் பிலாத்து, பேதுரு. கூட்டத்தின் பகுதி மக்களுக்கு. அதாவது, இயேசுவைக் கொல்லச் சொல்லிக் கத்துவது சபை! போன ஞாயிறு பக்தியோடு பாடிய அதே வாயால் அதைச் சொல்லும்போது தொண்டையில் ஏதோ அடைக்கும். அடைக்க வேண்டும். எத்தனை இசைக்குழு வந்தாலும் அந்த ஒரு நிமிடத்தைத் தர முடியாது. வருடத்துக்கு இரண்டு நாள் செய்வதை ஏன் மற்ற ஞாயிறுகளில் செய்யக்கூடாது? யோபு புத்தகம் முழுக்க உரையாடல். ரூத், எஸ்தர், ஊதாரி மகன் கதை, எல்லாமே நாலு குரலுக்காகக் காத்திருப்பவை. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகத்தை ஒரு தலைமுறைக்கே பயிற்சிக்களமாக்கிக் காட்டியது. அவ்வளவு பெரிய மேடை எல்லோருக்கும் முடியாது. நாலு குரல் எந்தச் சபைக்கும் முடியும்.

விசுவாசிகளின் மன்றாட்டும் அப்படியே. பல நூற்றாண்டு மறைந்திருந்ததை வத்திக்கான் சங்கம் திரும்பக் கொண்டுவந்தது, மக்கள் தங்கள் தேவைகளைத் தாங்களே சொல்லட்டும் என்று. மக்கள் சொல்கிறார்களா? அச்சடித்த புத்தகத்தில் இருப்பதை வாசிக்கிறார்கள். உலக சமாதானத்துக்காக, உலகத் தலைவர்களுக்காக, திருச்சபைக்காக. தெருவில் பத்து நாளாகத் தண்ணீர் வரவில்லை, மூன்றாவது வீட்டுப் பையன் பரீட்சையில் தோற்று யாரோடும் பேசாமல் இருக்கிறான், நாலாவது வரிசை அக்காவுக்கு நாளை ஆபரேஷன். இதெல்லாம் மன்றாட்டில் வராது. பெந்தெகொஸ்தே சபைகளைச் சத்தத்துக்காகக் கிண்டல் செய்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே சாட்சி நேரம் என்று ஒன்று வைத்து, வெளியே யாரும் மதிக்காத கூலிக்காரப் பெண்மணி எழுந்து தன் வாரத்தைச் சொல்ல இடம் கொடுத்தார்கள். (அவர்களிலும் பெரிய சபைகள் இப்போது சாட்சியை முன்கூட்டியே வீடியோ எடுத்து, வெட்டி ஒட்டி, பின்னணி இசை சேர்த்துப் போட ஆரம்பித்துவிட்டன. ஐயோ!)

பிரசங்கத்தில் மட்டும் எப்படி ஒரே ஆள் பேச வேண்டும் என்று ஆனது? தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்குவின் மரபில் கேள்வி பதிலாகப் போதிப்பது சாதாரணம். நிக்கராகுவாவில், சொலெந்தினாமே தீவுகளில், எர்னெஸ்தோ கார்தெனால் என்ற குரு 1960களின் பிற்பகுதியிலிருந்து பிரசங்கத்துக்குப் பதிலாகச் சுவிசேஷப் பகுதியை வாசித்துவிட்டு மீனவர்களையும் விவசாயிகளையும் பேச விட்டார். அவர்கள் பேசியது பிறகு புத்தகமாகி உலகம் முழுவதும் போனது. வலை வீசுகிற கதையைக் கன்னியாகுமரிக் கடற்கரைச் சபையில் மீனவர்களுக்கு ஒரு மேட்டு நிலத்துக்காரர் நாற்பது நிமிடம் விளக்குவதும், அவர்கள் தலையாட்டிக் கேட்பதும் என்ன வேடிக்கை! ஐந்து நிமிடம் அவர்களைக் கேட்டால், ராத்திரி முழுக்க ஒன்றும் படாமல் கரைக்கு வந்தவனின் மனநிலை என்னவென்று பிரசங்கியார் தெரிந்துகொள்வார்.

மௌனத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாவ அறிக்கைக்கு முன் சற்று மௌனமாயிருப்போம் என்பார்கள். மூன்று எண்ணுவதற்குள் கீபோர்டு தொடங்கிவிடும். மூன்று வினாடியில் தன் பாவத்தை நினைத்து முடிக்கிறவர் பரிசுத்தவானாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கே இன்னொரு கோஷ்டியையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 'கிரியேட்டிவ் வொர்ஷிப்' என்று பொம்மலாட்டம், குறுநாடகம், பவர்பாயிண்ட் வினாடி வினா, கிறிஸ்துமஸ் செல்ஃபி மேடை என்று இறக்குகிறவர்கள். இசைக்குழுவுக்குப் பதில் நாடகக்குழு, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே இருக்கும் முன்னூறு பேர் இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதைச் செய்தாலும் அதில் சபையின் கை, கால், வாய் இருக்கிறதா என்று கேட்காவிட்டால் புதுமை என்பது வெறும் நிகழ்ச்சி மாற்றம். மேலிருந்து இறக்கிய புதுமைக்கு என்ன ஆகும் என்பதற்கு 1969 சாட்சி. இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டில் தரையில் அமர்தல், கைகூப்புதல், ஆரத்தி என்று பன்னிரண்டு அம்சங்களுக்கு அந்த வருடம் ரோம் அனுமதி கொடுத்தது. பெங்களூர் மையத்தின் அமலோர்பவதாஸ் அடிகளின் நோக்கம் நல்லதுதான், உழைப்பும் பெரியது. ஆனால் கும்பிடும் சைகையைத் தேர்ந்தெடுத்தபோது யாருடைய கலாச்சாரத்திலிருந்து எடுப்பது என்று சேரித் தெருவில் போய்க் கேட்டார்களா? இது மேல்ஜாதிக் கோயில் சைகை, எங்களுடையது அல்ல என்று தலித் கிறிஸ்தவர்கள் பிறகு சொன்னபோதுதான் அந்தக் கேள்வியே பலருக்கு உறைத்தது.

"இளைஞர்கள் இசைக்காகத்தான் வருகிறார்கள், அதையும் குறைத்தால் ஆலயம் காலியாகிவிடும்" என்று ஒரு பயமுறுத்தல் உண்டு. இசைக்காக மட்டும் வருகிற இளைஞருக்கு இதைவிட நல்ல இசை பாக்கெட்டிலேயே இருக்கிறது, அதற்கு அவர் ஞாயிறு காலை குளித்துக் கிளம்ப வேண்டியதில்லை. வெள்ள நிவாரணத்துக்கு அரிசி மூட்டை தூக்கக் கூப்பிட்டால் இரவு பகலாக நிற்கிற அதே இளைஞர், ஆராதனையில் கடைசி வரிசையில் போன் பார்க்கிறார். அவருக்கு அங்கே தூக்க எதுவும் கொடுக்கவில்லை.

"ஒழுங்கு கெட்டுப்போகும்" என்பது அடுத்தது. போகும்தான். யாரோ ஒருவர் மன்றாட்டில் சொந்தக்காரரோடு இருக்கும் நிலத் தகராறைப் பேசுவார். வாசிக்க வந்த சிறுமி தடுமாறுவாள். உலையில் உப்பு கூடிவிடும். வீட்டில் இதெல்லாம் நடக்கும், கச்சேரியில் நடக்காது.

கடைசியாக நேரம். ஒன்றரை மணி நேரத்தில் இதெல்லாம் முடியாது என்பார்கள். போன ஞாயிறு ஆராதனையைக் கடிகாரம் வைத்து ஒருவர் கணக்குப் போடட்டும். சவுண்ட் செக், மைக் கைமாறுதல், பிறந்தநாள் திருமணநாள் பட்டியல், நன்கொடையாளர் பெயர்கள், சங்கங்களின் அறிவிப்பு, அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. இந்தக் கணக்கைக் கமிட்டியில் வைத்துவிட்டு, அதிலிருந்து பத்து நிமிடம் கேளுங்கள். முதலில் எதை வெட்டலாம் என்ற பேச்சில் பொன்னாடையா, மௌனமா என்று வாக்கெடுப்பு வந்தால், யார் எதற்குக் கை தூக்கினார்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.